பார்த்தெழுதுதலும் பயின்றெழுதுதலும்

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்டி மாநகருக்குத் தெற்கே ஹந்தானை மலைச்சரிவிலுள்ள தோட்டமொன்றின் வாசிகசாலை மண்டபத்தில் நடைபெற்றுவரும் கணினி வகுப்பொன்றைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. ஐந்து பழைய கணினிகள். அவற்றைச் சூழப் பத்தொன்பது பிள்ளைகள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்று வெளியேறிய இளம்பெண் ஒருவர் ஆசிரியை. ஊதியம் எதுவும் பெறாது இரண்டாண்டுகளாக அவர் அங்கே கற்பித்து வருகின்றார். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. இருமுறை மின்சாரம் நின்றது. இருமுறையும் பிள்ளைகள் எழுந்து போகாமல், கொப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்து எழுதலாயினர்.

எம்முடன் வந்திருந்த நண்பர் நகரில் மதிப்போடு தொழில் நடத்தும் கணக்காளர். அரைமணி நேரம் பொறுத்திருந்து பார்த்தவர், எமது காதோரம் குனிந்து, “ஐயா, இது படிப்பா? ஈயடிச்சான் காப்பியல்லவா! முழுதும் எழுதி முடித்த செய்நிரலைக் கையிற் கொடுத்துவிட்டு, அங்கொரு இலக்கத்தையும் இங்கொரு பெயரையும் மாற்றச் சொல்கிறார்கள். இப்படிப் படித்த பிள்ளை நாளை தானாக என்ன செய்யும்?” என்று வினவினார்.

இக்கேள்வி அவருடையது மட்டுமன்று. செய்நிரலாக்கம் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் படித்தவர்கள் எழுப்பும் கேள்வி இது. வெறுந்தாளைக் கொடுத்துத் தானாகச் சிந்திக்கச் செய்வதே கல்வி; ஆயத்த மாதிரியைக் கொடுத்துப் பார்த்தெழுதச் செய்வது கிளிப்பிள்ளைக்குப் பாடம் சொல்வது என்பது அவர்கள் கட்சி. இக்கட்சியிற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியோ, வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளற்ற பிள்ளைகளின் தலையிலேயே முதலில் விழும் தவறு. ஆதலால் இதனை இவ்வாரம் விரித்துப் பேச எண்ணினோம்.

எமது தொழிலில் நாம் கண்டது

சட்டத்தரணி எவரும் வெறுந்தாளிலிருந்து தொழிலைத் தொடங்கியதில்லை. 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையைப் புரட்டிப் பாருங்கள். வழக்குரை எவ்வாறு அமைய வேண்டும், அழைப்பாணை எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு மாதிரிப் படிவங்களை அச்சட்டமே தன் அட்டவணையில் வகுத்துத் தந்திருக்கிறது. சட்டம் இயற்றியோருக்குத் தெரிந்திருந்தது: விதியை மட்டும் சொன்னால் விளங்காது, விதிக்கமைய எழுதிய ஒன்றைக் கண்முன்னே வைத்தால் விளங்கும். கனிட்ட சட்டத்தரணியாய்ச் சேர்ந்த நாளில் எமது மூத்தவர் எம்மிடம் தந்தது புத்தகமன்று. தாம் முன்னர் எழுதிய வழக்குரைகள் அடங்கிய ஒரு பழைய கோவை. அதனைப் பார்த்தே நாம் எழுதக் கற்றோம். அதில் வெட்கமொன்றுமில்லை.

ஆயினும் அதே கோவை எமக்கு ஒரு பாடத்தையும் புகட்டியது. தொழிலின் தொடக்க ஆண்டுகளில், கம்பளைப் பக்கத்து விவசாயி ஒருவர் வாங்கிய காணிக்கு உறுதி எழுதும் பொறுப்பு எமக்கு வந்தது. பழைய உறுதியொன்றை மாதிரியாக வைத்துப் பெயரை மாற்றினோம், விஸ்தீரணத்தை மாற்றினோம், கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லைகளை மாற்றினோம். வடக்கெல்லை மட்டும் பழைய உறுதியில் இருந்தவாறே ‘வடக்கே ஓடை’ என்று நின்றுவிட்டது. அந்தக் காணிக்கு அருகே எங்கணும் ஓடை கிடையாது! இரண்டாண்டின் பின் அயலவருடன் வேலித் தகராறு மூண்டபோதுதான் இல்லாத ஓடை உறுதியில் ஓடிக்கொண்டிருப்பது தெரிய வந்தது. திருத்த உறுதி எழுதும் வரையில் அம்மனிதர் அலைந்த அலைச்சலுக்கு அளவில்லை. பிழை முற்றிலும் எமதே. மாதிரியில் ஒரு குறையுமில்லை. அதன் ஒவ்வொரு வரியும் எதற்காக அங்கே நிற்கிறது என்று கேளாமல் கடந்த எமது கண்ணிலேதான் குறை.

ஆகவே மாதிரியால் வரும் நன்மையையும் தீமையையும் அறிந்தவர்களாகவே நாம் இங்கே பேசுகின்றோம்.

அரைப் பேர்க் கணக்கு

அன்று அவ்வகுப்பில் நடந்தது யாது? தோட்டத்தில் பிறந்தோர்க்கு ‘பேர்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை; பிற இடத்து வாசகர்க்காகச் சொல்கிறோம். ஒரு நாட் சம்பளம் ஒரு பேர். குறித்த நிறை கொழுந்து எடுக்காதவர்க்கு அரைப் பேர் போடும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. அவ்வழக்கு நீதியா என்பது வேறு வழக்கு. அதனை நாம் வேறு மேடைகளில் வாதாடி வருகிறோம். ஆசிரியை அதனையே பாடமாக எடுத்துக்கொண்டார். கணக்கு இலேசாயிருக்கும் பொருட்டு நாட்சம்பளம் 1,000 ரூபாய், குறித்த நிறை 18 கிலோ, அதற்கு மேற்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, பைதன் மொழியில் எட்டே வரிகளில் ஒரு செய்நிரலை முழுதாக எழுதிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு வரியின் அருகிலும் அது செய்யும் வேலை தமிழில் எழுதப்பட்டிருந்தது. மூன்று தடவை நிறுத்த கொழுந்தைக் கூட்டு. கூட்டுத்தொகை 18ஐ விடக் கூடினால் முழுப் பேரும் மேலதிகக் கிலோவுக்கான காசும் சேர். இல்லாவிட்டால் அரைப் பேர் போடு. முடிவைத் திரையில் காட்டு. இவ்வளவுதான்.

பிள்ளைகள் முதலில் அதனைப் பார்த்து அப்படியே தட்டெழுதினர். நண்பர் முகஞ்சுளித்தது இக்கட்டத்திலேதான். அடுத்து, 15 கிலோவுக்கு இயக்கிப் பார்த்தனர்: 500 ரூபாய். 22 கிலோவுக்கு இயக்கிப் பார்த்தனர்: 1,200 ரூபாய். அதன் பின்னர் ஆசிரியை ஒவ்வொருவராக எழுப்பி, “இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டார். பதில் சொல்ல இயலாதவர் அந்த வரியை உண்மையாகவே அழித்துவிட்டு இயக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கடுத்த தாளில் அதே போன்ற இன்னொரு செய்நிரல். அதில் இரு வரிகள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. மூன்றாம் தாளில் கேள்வி மட்டுமே. விடை முழுதும் பிள்ளையின் பொறுப்பு.

இரண்டாம் தாளுக்குப் போகுமுன் பின்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள். வயது பதினான்கு இருக்கலாம். “மிஸ், சரியா பதினெட்டுக் கிலோ எடுத்தா அரைப் பேர்னு வருது. எங்க அம்மா பதினெட்டு எடுத்தா முழுப் பேர்தானே போடணும்?” என்றாள்.

மண்டபம் ஒரு கணம் அமைதியாயிற்று. ஆசிரியை புன்னகைத்தார். அப்பிழையை அவர் வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தாராம். ‘18ஐ விடக் கூடினால்’ என்பதை ‘18 அல்லது அதற்கு மேற்பட்டால்’ என்று மாற்ற வேண்டும். கணினியில் அது ஒரேயொரு குறியின் வேறுபாடு: பெரிது என்னும் குறியின் பக்கத்தில் சமக்குறியொன்று சேர வேண்டும். ஒரு தாயின் அரைநாட் சம்பளம் அந்தச் சமக்குறியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நண்பரை நாம் திரும்பிப் பார்த்தோம், அவர் பேசவில்லை. எமக்கோ வேறொரு நினைவு வந்தது. சட்டங்களில் ‘பதினெட்டு வயதுக்குக் குறையாத’ என்றும், ‘பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட’ என்றும் வரும் சொற்றொடர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஆண்டுக்கணக்கில் மன்றுகளில் வாதாடியிருக்கின்றோம். அதே வேறுபாட்டை அச்சிறுமி தன் தாயின் கூடையைக் கொண்டு கண்டுபிடித்துவிட்டாள். வெறுந்தாளை அவளிடம் கொடுத்து, ‘சிந்தித்து ஒரு செய்நிரல் எழுது’ என்று சொல்லியிருந்தால் இந்த வினா பிறந்திருக்குமா? மொழியின் இலக்கணத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே அவள் காலைப்பொழுது கழிந்திருக்கும்.

இஃது எமது ஊகம் மாத்திரமன்று. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் சுவெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985ஆம் ஆண்டில் அட்சரகணிதம் பயிலும் மாணவரை வைத்து ஆராய்ந்தனர். ஒரு சாராருக்குக் கணக்குகளை மட்டும் கொடுத்தனர். மற்றச் சாராருக்குச் செய்து காட்டிய கணக்கொன்றும் அதையொத்த செய்யாத கணக்கொன்றுமாக இணையிணையாகக் கொடுத்தனர். பின்னர் ஒத்த கணக்குகளைக் கொடுத்தபோது, செய்து காட்டியவற்றைப் பயின்றோரே விரைவாகவும் குறைந்த பிழையோடும் செய்தனர். காரணம் எளிது. மனிதனின் மனம் ஒரே வேளையில் சுமக்கக்கூடிய பாரம் சிறிது. விடையைத் தேடி அலைவதிலேயே அது செலவாகிவிட்டால், வழியைக் கற்றுக்கொள்ள எஞ்சுவது ஒன்றுமில்லை.

ஆனால் அதே ஆராய்ச்சி, நண்பரின் கட்சிக்கும் ஒரு சான்று தருகிறது. சற்று வேறுபட்ட கணக்குகளைக் கொடுத்தபோது அந்த மேம்பாடு தோன்றவில்லை. 1989இல் அமெரிக்காவில் மிஷெலின் சீயும் அவருடன் பணியாற்றியோரும் பௌதிகவியல் மாணவரிடையே கண்டது இதனைத் தெளிவாக்குகிறது: செய்து காட்டிய உதாரணத்தைப் படிக்கும்போது ‘இவ்வடி ஏன் வந்தது’ என்று தமக்குத் தாமே விளக்கிக்கொண்டு போனவரே தேறினர், வெறுமனே வாசித்துப் போனவர் பின்தங்கினர். 2003இல் சிலாவா கல்யுகாவும் சுவெல்லர் முதலியோரும் மற்றொன்றையும் எடுத்துக் காட்டினர். தொடக்கத்தில் துணையாய் நின்ற மாதிரி, தேர்ந்தவனுக்குப் பின்னர் இடையூறாகவும் ஆகிவிடும். நடைவண்டி நடக்கப் பழகும் வரையில்தான். பள்ளிக்கூடத்துக்கும் அதைத் தள்ளிக்கொண்டு போகும் பிள்ளையை யாரே மெச்சுவார்?

எனவே மாதிரி வேண்டுமா வேண்டாமா என்பது வழக்கின் உண்மையான எழுவினாவன்று. மாதிரியைக் கொடுத்தபின் ‘ஏன்’ என்று கேட்கிறோமா, காலம் வந்ததும் அதைப் படிப்படியாகப் பின்வாங்குகிறோமா என்பவையே எழுவினாக்கள். அத்தோட்டத்து ஆசிரியை இரண்டையும் செய்கிறார். நகரில் பணம் வாங்கி நடத்தும் தனியார் வகுப்புகள் பலவற்றில் இரண்டும் நடப்பதில்லை. அங்கே முந்தைய ஆண்டுப் பரீட்சை வினாக்களுக்கு விடைச் செய்நிரல்கள் அச்சடித்துக் கொடுக்கப்படுகின்றன. பிள்ளைகள் அவற்றைத் தேவாரம்போல் மனனம் செய்கின்றனர். நண்பரின் சினம் அங்கே செல்லட்டும்.

தமிழர்க்கு இம்முறை புதிதுமன்று. காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணிச் சுளைகளின் தொகையை அறியும் கணக்கைச் சொல்லுகிறது. ஊர்க்காரன் கண்ணெதிரே காணும் பொருளைக் கொண்டே கணக்கு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை மனனம் செய்தது கிளிப்பிள்ளைப் பாடம் என்று வெள்ளையர் ஆட்சிக்காலக் கல்வியதிகாரிகள் இகழ்ந்தனர். நம்மவரும் அதை நம்பினர். அச்சுவடிகளை ஆராய்ந்து செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட நூல், அம்மனனம் நிலத்தையும் நெல்லையும் கூலியையும் அளக்கும் கணக்குகளுக்குக் கருவியாய் நின்றதை விரிவாக எடுத்துரைக்கிறது.

விவசாய வாசகர்க்கு இதனை நாம் எடுத்துச் சொல்லவும் வேண்டுமா? ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ என்ற விதியை வாயினாற் கேட்டுக் கொழுந்தெடுக்கக் கற்றவர் எவருமிலர். தாயின் பக்கத்து நிரையில் நின்று, அவள் விரல் போகும் வழியைப் பார்த்துப் பார்த்துக் கற்றதே அது. கவ்வாத்து வெட்டுவோன் முதல் நாளில் ஒரு முழுச் செடியையும் அனுபவசாலி வெட்டிக் காட்டப் பார்க்கிறான். அடுத்த செடியில் பாதியைத் தான் வெட்டுகிறான். அதற்கடுத்த செடி அவனுடையது. 1867ஆம் ஆண்டில் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள்முதல், இத்தீவின் பெருஞ்செல்வம் இவ்வாறு பார்த்துப் பயின்ற கைகளினாலேயே விளைந்து வருகிறது. அக்கைகளுக்குரியோரின் பேரப்பிள்ளைகள் அதே முறையில் கணினியைக் கற்றால் மட்டும் அது இழிவாகிவிடுமோ?

முப்பத்தைந்து சொற்கள்

இனி மொழியின் பக்கம் வருவோம். இலங்கைப் பாடத்திட்டங்களில் பல்லாண்டுகளாகக் க.பொ.த. சாதாரண தரத்தில் பாஸ்கலும், உயர்தரத்தில் பைதனும் இடம்பெற்று வந்துள்ளன. பாஸ்கல், சுவிற்சர்லாந்து நாட்டு நிக்லவுஸ் விர்த் 1970இல் மாணவர்க்குக் கற்பிக்கவென்றே ஆக்கிய மொழி. பைதன், ஒல்லாந்து நாட்டு குவிடோ வான் ரொசம் 1991இல் வெளியிட்டது. இரண்டும் ஆங்கிலச் சொற்களால் ஆனவை. ‘தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லே தடை, தமிழ்ச் சொற்களாலான செய்நிரல் மொழியே மருந்து’ என்று வாதிடுவோர் உளர். அம்முயற்சியை நாம் போற்றுகிறோம். முத்து அண்ணாமலை ஆக்கி 2009இல் அறிவித்த ‘எழில்’ என்னும் மொழி தமிழ்ச் சொற்களாலேயே செய்நிரல் எழுத வழி செய்தது. முதன்முதல் இத்துறையில் நுழையும் சிறாருக்கு அது நல்ல வாயில்.

ஆயினும் நாம் சொல்லப் போவது சிலர்க்குக் கசக்கலாம். பைதனில் பிள்ளை மாற்றமின்றிக் கற்க வேண்டிய கட்டுச்சொற்கள் ஏறக்குறைய 35 மாத்திரமே. முப்பத்தைந்து சொற்களை எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் இரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். அதைத் தடை என்று சொல்வது நம் பிள்ளைகளைக் குறைத்து மதிப்பதாகும். தடை வேறிடத்தில் இருக்கிறது. அச்சொற்களை விளக்கும் நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் உள்ளவற்றிலோ சொல் தமிழாயிருக்கப் பொருள் அயலதாய் இருக்கிறது. பனிப்பொழிவின் அளவைக் கணக்கிடச் சொன்னால், பனிப்பொழிவைக் கண்ணாற் காணாத பிள்ளை அதனைக் கற்பனை செய்யவும் வேண்டும். மொழியின் இலக்கணத்தைக் கற்கவும் வேண்டும். ஆங்கிலத்தின் பொருளை உய்த்துணரவும் வேண்டும். ஒரே கூடையில் மூன்று கூடைக் கொழுந்து! கூடை கிழியாமல் என்ன செய்யும்? அரைப் பேர்க் கணக்கிலோ இரண்டு பாரங்கள் இறங்கிவிடுகின்றன. கணக்கு அப்பிள்ளைக்கு முன்னரே தெரியும். விளக்கம் தாய்மொழியில் இருக்கிறது. புதியது செய்நிரல் ஒன்றே.

தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு முதல் ‘கணியம்’ என்னும் இதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதி, எவரும் இலவசமாகப் பெறும்படி வெளியிட்டு வருகிறது. அரசின் உதவியை எதிர்பாராது ஆர்வலர் சிலர் செய்த காரியம் அது. நாம் இங்கே, ஐம்பதாண்டுகளுக்கு மேலாக மொழியுரிமைக்குப் போராடிய மக்கள், இத்துறையில் எத்தனை பக்கங்கள் எழுதியிருக்கிறோம் என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோமாக.

அரசுக்கும் கேள்வி உண்டு. 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் எமது மொழியை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது; 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழியாகும் என்று எழுதியது. அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளுள் ஏதேனுமொன்றின் மூலம் கல்வி பெற ஒவ்வொருவருக்கும் உரித்துண்டு என்கிறது. அதே உறுப்புரையின் காப்புவாசகம், தேசிய மொழியல்லாத மொழியிற் போதிக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு விலக்களிக்கிறது. ஆகவே பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் கற்ற மாணவன் பேராதனையின் பொறியியற் பீடத்துள் நுழையும் நாளில் ஆங்கிலத்தின் முன்னே நிற்கின்றான். அதனை நாம் குறை கூறவில்லை. உலகத் தொழில் அம்மொழியில் நடக்கிறது. ஆனால் தமிழ்ப் பாடசாலையிலிருந்து அவ்வாயில் வரையில் செல்லும் வழிக்குப் படிக்கட்டு அமைப்பது யார் கடன்? தமிழ் விளக்கத்தில் தொடங்கி, இடையில் இருமொழியாகி, முடிவில் ஆங்கிலத்திலேயே நிற்கும்படி வரிசைப்படுத்திய மாதிரிச் செய்நிரல் நூலொன்றைத் தேசிய கல்வி நிறுவகம் வெளியிட இயலாதா? பாலம் கட்டுவதற்கு ஆகும் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இதற்கு ஆகாது. மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இக்கோரிக்கையை எழுத்தில் முன்வைக்க வேண்டும் என்று கேட்கின்றோம்.

இவ்விடத்தில் வேறொரு தடை கிளம்பும். ‘இனி மனிதன் எதற்குச் செய்நிரல் கற்க வேண்டும்? வேண்டியதைச் சொன்னால் இயந்திரமே எழுதித் தருகிறதே’ என்பர். மெய்தான். 2022ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின்னர், செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் நூறு வரி எழுதித் தருகின்றன. அவை தருவனவும் மாதிரிகளே. எமது பழைய கோவை ஒன்றாயிருந்தது. இப்போது கோடி கோவைகள். இல்லாத ஓடை அவற்றுள்ளும் ஓடக்கூடும். ‘18ஐ விடக் கூடினால்’ என்று இயந்திரம் எழுதித் தந்தால், அதில் சமக்குறி இல்லையே என்று சொல்ல அங்கே யார் இருப்பார்?

தோட்டங்கள் பலவற்றில் மின்னணுத் தராசு வந்துவிட்டது. கொழுந்தின் நிறை கணக்குப் பிள்ளையின் பேரேட்டில் ஏறிய காலம் போய், கணினியில் ஏறுகிறது. பேரேட்டிலாவது விரலை வைத்து, ‘ஐயா, இது தவறு’ என்று சொல்ல இடமிருந்தது. கணினி சொன்னது தவறு என்று சொல்ல, கணினிக்குள் நடப்பது தெரிந்தவன் தொழிலாளர் பக்கத்தில் ஒருவனாவது வேண்டும். நாம் இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டத்தின் பின், 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட எம் மக்களுக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களுள் குடியுரிமை பெற்றோர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினரே. சட்டத்தின் கொடுமை முதற்காரணம். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் தமக்கு வாசிக்கத் தெரியாத படிவத்தைப் பிறர் நிரப்ப, அதில் கைநாட்டு வைத்துவிட்டுக் காத்திருந்த முதியோரை எம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். தம் வாழ்வைத் தீர்மானிக்கும் எழுத்தைத் தாம் படிக்கவியலாத நிலை எத்தகையது என்பதை இம்மலைகளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கற்றறிந்த வாசகர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. பணம் கேட்கவில்லை. உங்கள் தொழிலில் நாளாந்தம் நீங்கள் செய்யும் ஒரு கணக்கை, அடியடியாக, ஏன் என்ற காரணத்தோடு தமிழில் எழுதித் தாருங்கள். வைத்தியர் பிள்ளையின் நிறைக்கேற்ப மருந்தின் அளவைக் கணிப்பதை எழுதலாம். விவசாயி, ஒரு பரப்புக்கோ ஒரு ஏக்கருக்கோ இடும் பசளையின் கணக்கை எழுதலாம். மிளகுக் கொடி வளர்ப்போர் பச்சை மிளகு காய்ந்தபின் எஞ்சும் நிறையைக் கணிப்பதை எழுதலாம். கடைக்காரர் வட்டிக் கணக்கை எழுதட்டும். செய்நிரலாக மாற்றுவதை ஆசிரியை போன்றோர் பார்த்துக்கொள்வர். 1978இல் கேர்னிகனும் ரிச்சியும் சீ மொழிக்கு எழுதிய நூலின் முதற் செய்நிரல், உலகுக்கு வணக்கம் கூறும் ஒரு வரியைத் திரையில் காட்டுவது. உலகின் செய்நிரலாளருட் பெரும்பகுதியினர் அதனைப் பார்த்தெழுதியே தொடங்கினர். எம் பிள்ளைகளின் முதல் வரி எம் ஊர்க் கணக்காயிருந்தால் என்ன?

பிறர்க்குச் சொல்லுமுன் நாம் செய்ய வேண்டுமன்றோ? ஆதலால் அடுத்த ஞாயிறு நாமும் ஒரு கணக்கை எழுதிக்கொண்டு போனோம். காணி விற்பனை உறுதிக்குரிய முத்திரைத் தீர்வை: பெறுமதியின் முதல் 1 இலட்சம் ரூபாய்க்கு நூற்றுக்கு 3, எஞ்சிய தொகைக்கு நூற்றுக்கு 4. நொத்தாரிசுமார் உறக்கத்திலும் போடும் கணக்கு. ஆசிரியையின் உதவியோடு அதைச் செய்நிரலாக்கினோம்: பெறுமதியிலிருந்து 1 இலட்சத்தைக் கழி, எஞ்சியதில் நூற்றுக்கு 4 எடு, அதனோடு 3,000ஐக் கூட்டு. 10 இலட்சம் ரூபாய்க் காணிக்கு 39,000 ரூபாய் என்று திரை காட்டியது. சரியான விடை. நண்பரும் தலையசைத்தார். சட்டத்தரணியின் மாதிரியாயிற்றே என்று எமக்குச் சிறிது பெருமிதமும் இருந்தது.

பின்வரிசைச் சிறுமி 80,000 ரூபாய் என்று கொடுத்து இயக்கினாள். திரையில் 2,200 என்று வந்தது. அவள் கொப்பியில் 80,000க்கு நூற்றுக்கு 3 போட்டுப் பார்த்தாள்: 2,400. எம்மை நிமிர்ந்து பார்த்து, “சேர், ஒரு இலட்சத்துக்குக் குறைஞ்ச காணின்னா இருநூறு ரூபா குறையுது. கழிக்கிறப்ப சைபருக்குக் கீழ போகுது” என்றாள். நாம் அந்த வரியை அழித்துவிட்டு, பெறுமதி 1 இலட்சத்துக்கு மேற்படுகிறதா என்று முதலில் கேட்கும் வரியொன்றை அதனிடத்தில் எழுதினோம். சமக்குறி வேண்டுமா வேண்டாமா என்பதை அவளிடமே கேட்டோம். இரண்டு விதமாகவும் இயக்கிப் பார்த்துவிட்டு, “இதுல ரெண்டும் ஒண்ணுதான் சேர்” என்றாள்.